கீழ்வீட்டுக் காது

கொப்பியில் எழுதி வைக்கிறேன்:
ட்ரைவ் ஒன்பது மணி, டோன் இரண்டு மணி,
லெவல் நடுப்பகல்.
குமிழ்களுக்கு மணிக்கூட்டு முகம்.
உண்மையான மணி இரவு பதினொன்று இருபது.
ஹெட்போனில் ஒரு காது செத்துவிட்டது,
ஆகவே அம்ப்ளிஃபயரின் முகத்தில் தலையணையை அமத்தி
கொலைகாரனைப் போல் வாசிக்கிறேன்.

வெள்ளவத்தை, கடல் பக்கம், மூன்றாம் மாடி.
கடைசி ரயில் போகும்போது
பேஸின் நான்கு கம்பிகளும் தாமாகவே முனகும்.
உப்புக்காற்று அவற்றைத்தான் முதலில் தின்னும்.
புதுக் கம்பி பதினைந்து நாள் மினுங்கும்,
பிறகு கறள், பிறகு விரல்நுனியில்
பழைய சில்லறைக் காசின் மணம்.
அதுதான் டோன் என்கிறான் பஸ்லான்,
முதலாம் குறுக்குத் தெருவில்
கப்பாசிட்டரை அரிசி மாதிரி அள்ளிக் காட்டுபவன்.
"இது ரஷ்யா. இது சீனா.
இது எங்கேயென்று தெரியாது, இதை எடுங்க."
எடுத்தேன். ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன்.
வித்தியாசம் கேட்டதா என்றான் அடுத்த சனிக்கிழமை.
ஓம் என்றேன்.
கேட்க விரும்பியது கேட்டது.

பகலில் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோர்.
மற்றவர்களின் பெட்டிகளுக்குத் தீர்வை கணக்கிடுகிறேன்.
இரவில் என் பெட்டிகள்:
நீலக் கம்ப்ரசர், மூலை நெளிந்த மஞ்சள் ஃபஸ்,
ஒக்டேவ் ஒன்று, அதை மிதித்தால்
சுவரில் காலண்டர் நடுங்கும்.
"எல்லாம் ஒரே சத்தம்தானே" என்றாள் துஷ்யந்தி.
இல்லை என்றேன்.
எப்படி இல்லை என்று சொல்ல
அரை மணித்தியாலம் சொல் தேடினேன்.
தடிப்பு என்றேன். ஈரம் என்றேன்.
கீரைக்கடையல் மாதிரி என்று திரும்பினால்
அவள் நித்திரை.

இரைச்சல் வேறு கதை.
மூன்று வாரமாக வயருக்குள் ஒரு வண்டு.
பிரிட்ஜை நிறுத்தினேன், டியூப்லைட்டை நிறுத்தினேன்,
ஃபஸ்ஸைக் கழற்றினேன்;
அதற்குள் யாரோ சிங்களத்தில்
கிரிக்கெட் வர்ணனை செய்துகொண்டிருந்தார்கள்.
கம்பியைத் தொட்டால் வண்டு ஓயும்,
கையை எடுத்தால் பழையபடி இரையும்.
எலெக்ட்ரிசியன் ரூபசிங்க சுவரைத் திறந்து பார்த்தார்.
இந்த மாடிக்கு எர்த் இல்லை.
பச்சை வயர் இருக்கிறது,
ஆனால் அது எங்கேயும் போகவில்லை.

மண்ணைப் பற்றி எங்கள் ஆட்கள் எவ்வளவோ எழுதிவிட்டார்கள்.
எனக்கு இப்போது மண் என்றால்
சுவருக்குள் பாதியில் நறுக்கிய பச்சை வயர்.
அதைத் திருத்தும்வரை கையை எடுக்கக்கூடாது.
வாசிக்காத நேரத்திலும்
உள்ளங்கையைக் கம்பியில் வைத்தபடி
தேத்தண்ணி குடிக்கப் பழகிவிட்டேன்.

நேற்று வட்ஸ்அப்பில் கீழ்வீட்டு மிஸ் ஞானசௌந்தரி.
நெஞ்சு பதறியது, முறைப்பாடுதான்.
கூர்மையான ஒலி எதுவும் தளத்தைத் தாண்டாது.
அவருக்குப் போய்ச் சேருவது அடி மட்டும்,
நான் ஒருநாளும் தனியே கேளாத அடி.

"தம்பி, செவ்வாய்க்கிழமை வாசிச்சது நல்லாயிருந்தது.
இப்ப வாசிக்கிறது ரயில் மாதிரி.
ரயில் ஏற்கெனவே இருக்குத்தானே."

கொப்பியைப் புரட்டினேன்.
செவ்வாய்: பட்டரி முடிந்தது. பெடல் ஒன்றுமில்லை.
கம்பிகளுக்கு அடியில் ஸ்பொஞ்ச், அரைத் துண்டு.
அவ்வளவுதான்.
குசினிக்கு ஓடினேன்.
ஸ்பொஞ்ச் சட்டிக்குள் கிடந்தது,
மீன்குழம்பு நிறத்தில்.

காலி வீதியில் கடை பூட்டும் நேரம்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
இறங்கும்போது அவர் கதவடியில்
காரணமில்லாமல் மெதுவாக நடந்தேன்.
"வெறும் மஞ்சளா, பச்சை முதுகுள்ளதா?"
என்றார் முதலாளி, ஷட்டரைப் பாதி இழுத்தபடி.
செவ்வாய்க்கிழமை இருக்கிறதா என்று
எப்படிக் கேட்பது.
இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினேன்.